ஹாட்யாய் பம்பில் எந்தக் குழாயை எடுப்பது? எத்தனால் பெட்ரோலும் சிங்கப்பூர் வண்டிகளும்

சிங்கப்பூரில் பெட்ரோல் நிரப்புவோருக்குப் பழகிய எண்கள் 92, 95, 98. மூன்றும் ஆக்டேன் எண்கள், அதாவது எஞ்சினுக்குள் பெட்ரோல் நேரத்துக்கு முன் தானாக வெடிக்காமல் தாங்கும் திறனின் அளவு. ஹாட்யாய் போகத் தாய்லாந்து எல்லையைத் தாண்டினால் பம்பில் வேறு வகை எண்களும் சேர்ந்துகொள்கின்றன: கேஸோஹால் 91, கேஸோஹால் 95, ஈ20, சில நிலையங்களில் ஈ85. 'ஈ'க்குப் பின்னால் நிற்பது பெட்ரோலில் கலந்த எத்தனால் என்னும் ஆல்கஹாலின் விழுக்காடு. அதை ஆக்டேன் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. கேஸோஹால் 95 என்பது 10 விழுக்காடு எத்தனால் கலந்த, 95 ஆக்டேன் உள்ள பெட்ரோல். ஈ85 என்றால் பெயரளவில் 85 விழுக்காடு எத்தனால். சாதாரணக் காருக்கு அது பெட்ரோலே அல்ல.

ஊருக்குப் போனாலும் இதே கேள்வி வருகிறது. இந்தியாவில் ஈ20 விற்பனை 2023 பிப்ரவரியில் தொடங்கியது. 2030க்கு என்று வைத்திருந்த 20 விழுக்காட்டு இலக்கு 2025க்கு முன்னிழுக்கப்பட்டு எட்டப்பட்டது. விடுமுறைக்குத் தஞ்சாவூர் போய்ச் சித்தப்பாவின் பழைய பைக்கை எடுப்பவர், பங்கில் கேட்காமலேயே ஈ20தான் போடுகிறார். இந்தோனேசியாவிலும் 2023 முதல் 5 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் ஜக்கார்த்தாவிலும் சுராபாயாவிலும் விற்பனைக்கு வந்தது. பிரேசில் 2025 ஆகஸ்டில் 30 விழுக்காட்டுக்கே போய்விட்டது.

எத்தனால் எஞ்சினைக் கெடுக்கும் என்பவர்களும் ஒன்றும் செய்யாது என்பவர்களும் ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எத்தனை விழுக்காடு, எந்த வண்டியில்? பிரேசிலில் 2003இலிருந்து விற்கும், பெட்ரோலும் எத்தனாலும் எந்த விகிதத்தில் கலந்தாலும் ஓடும் ஃப்ளெக்ஸ் கார்களுக்கு 100 விழுக்காடும் உணவுதான். 1995ஆம் ஆண்டுக் கார்புரேட்டர் பைக்குக்கு 20 விழுக்காடே தொல்லை.

கணக்கு எங்கே மாறுகிறது

எத்தனால் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது, எடையில் ஏறக்குறைய 35 விழுக்காடு. அதனால் எரிய வெளிக்காற்று குறைவாகப் போதும். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ. கலவையில் இந்த எண் படிப்படியாக இறங்குகிறது: ஈ10க்குச் சுமார் 14.1, ஈ20க்கு 13.5, ஈ85க்கு 9.8. எஞ்சின் இழுக்கும் காற்றின் அளவு மாறப்போவதில்லை. ஆகவே ஈ20இல் கொள்ளளவில் சுமார் 8 விழுக்காடு கூடுதலாக எரிபொருள் ஊற்றினால்தான் கலவை சரியாக இருக்கும். ஊற்றாவிட்டால் மெலிந்துவிடும், பட்டறை மொழியில் 'லீன்'.

சக்தியும் குறைவு. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல், எத்தனாலில் 21. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார் ஈ10இல் 14.5, ஈ20இல் 14, ஈ85இல் ஓடுமானால் 10.6 தரும். இந்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட திட்ட அறிக்கையும், எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து ஈ10க்கு டியூன் செய்த கார்களில் ஈ20 போட்டால் 6 முதல் 7 விழுக்காடு மைலேஜ் குறையும் என்றே சொன்னது. ஈ10க்கு வடிவமைத்து ஈ20க்கு டியூன் செய்த கார்களில் அது 1 முதல் 2 விழுக்காடுதான். மைலேஜ் பாதியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் வண்டியில் வேறு கோளாறு இருக்கிறது.

பம்ப் முன்னால் நின்று மனக்கணக்குப் போட ஒரு வழி: கேஸோஹால் 95ஐவிட ஈ20 லிட்டருக்கு 3.5 விழுக்காட்டுக்கு மேல் மலிவாக இருந்தால்தான் லாபம். அதற்குக் குறைந்த வித்தியாசத்துக்கு ஈ20 போடுவதில் பொருளில்லை.

ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் அந்த 8 விழுக்காட்டை இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) தானே சேர்த்துக்கொள்கிறது. புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் 'ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது' என்று சொன்னதும் இன்ஜெக்டர் சற்று அதிக நேரம் திறக்கும். இந்தத் திருத்தம் 'லாங் டெர்ம் ஃப்யூல் டிரிம்' என்ற பெயரில் நினைவில் பதிகிறது. காரின் கணினித் தகவலைப் படிக்கும் மலிவான புளூடூத் ஓபிடி கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள சாக்கெட்டில் செருகினால் கைப்பேசியிலேயே அதைப் பார்க்கலாம்.

பலர் கவனிக்காமல் விடும் இடம் இதுதான். சிங்கப்பூரில் கிளம்பும்போது டிரிம் +2 விழுக்காடு என்று இருந்த கார் ஈ10இல் +5 அல்லது +6க்கும், ஈ20இல் +10க்கும் போகும். ஒன்றும் ஆகாது. கிளம்பும்போதே +12 என்றால் கதை வேறு. எங்கோ வெடித்த வேக்குவம் குழாய், அழுக்கேறிய காற்றளவு சென்சார், தளர்ந்த பெட்ரோல் பம்ப் ஆகியவற்றில் ஏதோ ஒன்றை இசியு சத்தமில்லாமல் சமாளித்துக்கொண்டிருக்கிறது. அதன்மேல் ஈ20இன் 8 சேரும்போது டிரிம் 20ஐத் தொடுகிறது. பெரும்பாலான கார்களில் 20க்கும் 25க்கும் இடையே எல்லை தாண்டிவிடும். கலவை மெலிந்துவிட்டது என்னும் 'பி0171' குறியீட்டுடன் எஞ்சின் விளக்கு எரியும். பழி எத்தனாலுக்கு, நோய் காருக்கு. வடக்கே கிளம்புவதற்கு முந்தைய வாரம் டிரிம்மைப் பார்த்து, 10க்கு மேல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்வது நல்லது.

காற்று-எரிபொருள் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் பொருத்தியவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மீட்டர் அளப்பது லாம்டா, அதாவது எந்த எரிபொருளானாலும் சரியான கலவைக்கு 1 என்று நிற்கும் எண். திரையில் காட்டுவதற்காக மட்டும் அதை 14.7ஆல் பெருக்குகிறது. ஈ20 ஓடும்போதும் சரியான கலவைக்கு அது 14.7 என்றே காட்டும். 13.5 வரவேண்டும் என்று நினைத்துக் கலவையைத் திருத்தினால் எரிபொருள் மிகுந்து 'ரிச்' ஆகி பெட்ரோல்தான் வீண்.

கார்புரேட்டருக்கு இந்தச் சமாளிப்பு எதுவும் தெரியாது. பெட்ரோல் பாயும் சிறு துளையுள்ள பித்தளைத் துண்டுக்கு ஜெட் என்று பெயர்; அதன் துளை எவ்வளவோ அவ்வளவுதான் பெட்ரோல். சிங்கப்பூரில் 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்களுக்கு 2028 ஜூன் 30 வரைதான் சாலை என்றாலும், அதுவரை கார்புரேட்டர் வண்டிகள் எல்லை தாண்டிப் போய்க்கொண்டுதான் இருக்கும். ஈ10இல் 4 விழுக்காட்டு மெலிவைப் பெரும்பாலான நான்கு ஸ்ட்ரோக் பைக்குகள் பொறுத்துக்கொள்ளும். ஈ20இல் அறிகுறிகள் தெரியும்: த்ராட்டிலைத் திறந்ததும் ஒரு கணம் தயங்கும், ஒரே வேகத்தில் ஓடும்போது விட்டுவிட்டு இழுக்கும், த்ராட்டிலை மூடும்போது சைலன்ஸர் படபடக்கும், பிளக் முனை வெளுத்திருக்கும். யமஹா ஆர்எக்ஸ்இசட் போன்ற காற்றுக் குளிர்ச்சி இரண்டு ஸ்ட்ரோக் வண்டியை முழு த்ராட்டிலில் மெலிந்த கலவையுடன் நீண்ட நேரம் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் அபாயம் உண்டு.

தீர்வு ஜெட்டில் இருக்கிறது. 8 விழுக்காடு கூடுதல் ஓட்டத்துக்குத் துளையின் பரப்பு 8 விழுக்காடு கூட வேண்டும். அதாவது விட்டம் 4 விழுக்காடு. விட்டத்தை வைத்து எண்ணிடும் ஜெட் என்றால் 100க்குப் பதில் 105 போதும். ஓட்டத்தை வைத்து எண்ணிடும் ஜெட்டுகளும் உண்டு; அவற்றில் எண்ணையே 8 விழுக்காடு கூட்ட வேண்டும், 100க்கு 108. எந்த வகை என்று பார்க்காமல் மாற்றினால் கணக்கு கெடும். குறைந்த வேகத்துக்கான பைலட் ஜெட்டையும் ஒரு படி ஏற்றி, ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நடுத்தர வேகத்திலும் ஈடாகிவிடும். திரும்பிவந்து சாதாரணப் பெட்ரோல் போட்டதும் பழைய ஜெட்டை மாட்டிவிட வேண்டும்.

ரப்பரும் உலோகமும்

கலவைக் கணக்கு அந்த டேங்கோடு முடிந்துபோகும். ரப்பருக்கு ஏறும் கேடு நிரந்தரம். எத்தனால் பழைய ரக நைட்ரைல் ரப்பரையும் தக்கையால் செய்த கேஸ்கெட்டையும் ஊறவைத்து வீங்கச் செய்கிறது. காயும்போது அவை சுருங்கி வெடிக்கின்றன. பாலியெஸ்டர் ரெசினால் ஆன ஃபைபர்கிளாஸ் டேங்கைக் கரைத்து, அந்தப் பிசினை வால்வுகளின் தண்டில் கொண்டுபோய்ப் பூசும். ஈயமும் வெள்ளீயமும் பூசிய பழைய எஃகு டேங்குகளின் உட்பூச்சையும் அரிக்கும். ஃப்ளோரோ ரப்பர் (விட்டான் என்று பட்டறைகளில் பெயர்), டெஃப்லான், நைலான், துருப்பிடிக்கா எஃகு ஆகியவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

பழைய வண்டியில் பார்க்க வேண்டிய இடங்கள்: டேங்கிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் குழாய், பெட்ரோல் டேப்பின் டயஃப்ரம், ஃப்ளோட் பௌலின் (கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கும் கிண்ணம்) ஓ-ரிங், ஃப்ளோட் ஊசியின் ரப்பர் முனை, ஆக்ஸிலரேட்டர் பம்பின் டயஃப்ரம், டேங்க் மூடியின் கேஸ்கெட். குழாயை விரலால் மடித்துப் பாருங்கள். வெளித்தோலில் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தாலோ, அழுத்தினால் கொழகொழவென்று இருந்தாலோ மாற்றிவிட வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு 'எஸ்ஏஇ ஜே30ஆர்9' என்று அச்சிட்ட குழாய் வாங்க வேண்டும். டேங்குக்குள்ளே பம்புடன் இணையும் சிறு குழாய்க்கு மட்டும் ஆர்9 ஆகாது. ஆர்9 குழாயின் உட்பூச்சுதான் பெட்ரோலைத் தாங்கும். வெளித்தோல் பெட்ரோலில் மூழ்கிக்கிடக்கச் செய்யப்பட்டதல்ல. அங்கே 'ஆர்10' வேண்டும். விலை பல மடங்கு என்பதால் சிலர் ஆர்9ஐயே துண்டாக வெட்டி மாட்டிவிடுகிறார்கள். சில மாதத்தில் அது வீங்கி, கிளிப்பிலிருந்து நழுவி, டேங்குக்குள்ளேயே பிரஷர் போய் வண்டி நின்றுவிடும். டேங்கைத் திறக்கும்வரை காரணம் பிடிபடாது.

எத்தனால் நல்ல கரைப்பானும்கூட. பல ஆண்டு தேங்கிய பிசினையும் துருவையும் முதல் இரண்டு மூன்று டேங்கில் கிளப்பிவிடும். அதனால்தான் எத்தனால் போட்ட சில நாளில் ஃபில்டர் அடைத்ததாகப் புகார் வருகிறது. ஃபில்டரை ஒருமுறை மாற்றினால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

எந்த வண்டி எதைத் தாங்கும் என்பதற்குத் தயாரிப்பாளரின் கையேடும் பெட்ரோல் மூடியின் உட்புற ஒட்டுப்படமும்தான் முதல் ஆதாரம். பிரிட்டனில் 2011 முதல் விற்ற புதிய கார்கள் எல்லாமே ஈ10 ஏற்பவை. இந்தியாவில் 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளின் பாகங்கள் ஈ20 தாங்குபவை. சிங்கப்பூரில் ஒரு சிக்கல் பாரலல் இம்போர்ட் கார்கள், அதாவது அதிகாரபூர்வ விநியோகஸ்தர் அல்லாதவர்கள் இறக்குமதி செய்பவை. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த கார்களுக்கு அந்நாட்டு விதி நெடுங்காலம் 3 விழுக்காடு எத்தனாலைத்தான் அனுமதித்தது. ஈ10 ஏற்கும் கார்களுக்குத் தனி அனுமதி 2012இல்தான் வந்தது. ஒரே மாடலின் ஏற்றுமதி வடிவம் ஈ10 ஏற்கும் என்பதை வைத்து ஜப்பான் வடிவமும் ஏற்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

தண்ணீர் பற்றிய பயம்

'எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர் ஈரப்பதத்தில் டேங்க் முழுக்கத் தண்ணீராகிவிடும்' என்று அடிக்கடி கேட்கிறோம். பாதி உண்மை, மீதி மிகை. ஈ10 தன்னுள் சுமார் 0.5 விழுக்காடு தண்ணீரைக் கரைத்து வைத்திருக்கும். அதற்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனி அடுக்காக அடியில் இறங்கிவிடும். 50 லிட்டர் டேங்கில் பாதி ஈ10 இருக்கிறது என்று கொள்வோம். பிரிவதற்கு 125 மில்லிலிட்டர் தண்ணீர் வேண்டும். சிங்கப்பூரில் இரவு 25, பகல் 32 டிகிரி. மீதி 25 லிட்டர் இடத்திலுள்ள காற்று இந்த 7 டிகிரியில் விரிந்து சுருங்கும்போது உள்ளே வருவது அரை லிட்டருக்குச் சற்று அதிகம். ஈரம் முழுதாக ஏறிய காற்றானாலும் அதிலிருப்பது 0.02 கிராம் தண்ணீர். இந்த வேகத்தில் 125 கிராம் சேரப் பதினேழு ஆண்டுகள் ஆகும். பெட்ரோல் ஆவியின் மூச்சையும் சேர்த்துப் பத்து மடங்கு என்று வைத்தாலும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிடிக்கும்.

உண்மையில் தண்ணீர் வருவது மழையிலிருந்து. கூரையில்லாத வீவக வண்டி நிறுத்துமிடத்தில் நிற்கும் பைக்கின் டேங்க் மூடியைச் சுற்றி ஒரு பள்ளமும் அதில் தண்ணீர் வடியச் சிறு துளையும் இருக்கும். அந்தத் துளை தூசியால் அடைத்துக்கொண்டால் ஒரு மாலை மழையே போதும். 15 லிட்டர் டேங்கில் ஈ10 பிரிய 75 மில்லி, அரை டம்ளர்கூட வேண்டாம். சாதாரணப் பெட்ரோலாக இருந்தால் அந்த 75 மில்லி அடியில் கிடக்கும், வடித்துவிடலாம். ஈ10இலோ தண்ணீர் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு இறங்குவதால் அடியடுக்கு ஒரு லிட்டரையும் தாண்டக்கூடும். குழாய் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். பௌலில் மிச்சமிருந்த நல்ல பெட்ரோலில் வண்டி ஸ்டார்ட் ஆகி, சில நூறு மீட்டர் ஓடி, அடியடுக்கு வந்து சேர்ந்ததும் நின்றுவிடும். மேலே மிஞ்சிய பெட்ரோலும் எத்தனாலை இழந்து ஆக்டேன் இரண்டு மூன்று எண் இறங்கியிருக்கும். புதுப் பெட்ரோல் ஊற்றிக் குலுக்கினாலும், புட்டியில் விற்கும் மருந்து எதை ஊற்றினாலும் பிரிந்தது சேராது. முழுவதையும் வடித்து எடுப்பதைத் தவிர வழியில்லை.

திரும்பும் வழியில் ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. தண்ணீரைத் தாங்கும் சக்தி எத்தனால் அளவோடு சேர்ந்து குறையும், குளிரிலும் குறையும். ஓரளவு தண்ணீர் கரைந்த ஈ10 பாதி டேங்க் இருக்க, மலேசியாவில் ரான்97 (97 ஆக்டேன் பெட்ரோல்) நிரப்பிக் கேமரன் மலையில் இரவு தங்கினால், சமவெளியில் தெளிவாக இருந்த கலவை மலைக்குளிரில் கலங்கக்கூடும். பாதுகாப்பான வழி: எத்தனால் பெட்ரோலை ஏறக்குறையத் தீர்த்துவிட்டு நிரப்புவது. (சிங்கப்பூர்ப் பதிவு வண்டிகளுக்கு மலேசியாவில் ரான்95 நிரப்ப அனுமதியில்லை; 97தான்.)

டேங்கில் எத்தனால் இருக்கிறதா என்று பார்க்க 100 மில்லி அளவுச் சிலிண்டர் போதும். வெட்டவெளியில், நெருப்பு எதுவும் அருகே இல்லாத இடத்தில், 10 மில்லி தண்ணீர் விட்டு அதன்மேல் 90 மில்லி பெட்ரோல் ஊற்றி, மூடிக் குலுக்கி, இரண்டு முறை மூடியைத் திறந்து ஆவியை விட்டு, பத்து நிமிடம் நிற்க வையுங்கள். எத்தனால் தண்ணீருக்குள் போய்விடுவதால் கீழடுக்கு வளரும். அது 19 மில்லியில் நின்றால் 9 மில்லி எத்தனால். 90க்கு 9, அதாவது 10 விழுக்காடு. 10இலேயே நின்றால் எத்தனால் இல்லை. ஒன்றிரண்டு விழுக்காடு பிசகலாம், ஈ10ஆ ஈ20ஆ என்று தெரிய இது தாராளம். அந்தப் பெட்ரோலை மீண்டும் டேங்கில் ஊற்றக் கூடாது.

ஆக்டேன் என்னும் நல்ல பக்கம்

எத்தனாலின் ஆக்டேன் 108 அளவில் இருக்கிறது. ஆவியாகும்போது அது உறிஞ்சும் வெப்பம் கிலோவுக்குச் சுமார் 840 கிலோஜூல், பெட்ரோலுக்கு 350. கூடுதலாக ஊற்ற வேண்டிய அளவையும் சேர்த்துப் பார்த்தால், அதே காற்றுக்கு எத்தனால் தரும் குளிர்ச்சி நான்கு மடங்கு. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ எஞ்சினுக்கு இது வரம். நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) வராமல், பிளக் பொறிவிடும் நேரமாகிய டைமிங்கை முன்தள்ள முடிகிறது. இசியு அப்படித் தள்ளுமாறு எழுதப்பட்டிருந்தால் மட்டும்தான் அந்தப் பலன். 91 ஆக்டேனுக்குச் செய்த எளிய எஞ்சினில் மிச்ச ஆக்டேன் சும்மா கிடக்கும். ஈ85க்கு மாற்ற ஆசைப்படுபவர்கள் கொள்ளளவில் 40 விழுக்காடு கூடுதல் பாயும் இன்ஜெக்டர், அதற்கு ஈடான பம்ப், எத்தனால் சென்சார், புது இசியு மேப் எல்லாம் போட வேண்டும். ஈ85 என்று ஒரு குழாயே இல்லாத சிங்கப்பூரில் அது வெட்டிச் செலவு.

தவறிப்போய் ஈ85 போட்டுவிட்டால் பதற்றத்துக்கு முன் கணக்குப் பாருங்கள். 45 லிட்டர் டேங்கில் 10 லிட்டர் போட்டதுமே கவனித்து நிறுத்தி, மீதி 35 லிட்டரைத் தாய்லாந்தில் பென்சின் 95 என்று விற்கும் எத்தனால் இல்லாத பெட்ரோலால் நிரப்பினால் மொத்த எத்தனால் 19 விழுக்காடு, ஈ20 போலத்தான். கையேடு ஈ10ஓடு நிறுத்தச் சொன்ன இன்ஜெக்‌ஷன் காரும் ஒரு டேங்க் அளவுக்கு இதை மெதுவாக ஓட்டித் தீர்த்துவிடும். அதே டேங்கில் 5 லிட்டர் மட்டும் பழைய பெட்ரோல் இருக்க 40 லிட்டர் ஈ85 நிரப்பியிருந்தால் சுமார் 76 விழுக்காடு. ஸ்டார்ட் செய்யாமல், அங்கேயே தள்ளி நிறுத்தி, டேங்கை வடிக்கச் சொல்லுங்கள்.